இரண்டு இடது கை வைத்த சட்டை

பதினோரு வருடமாக நான் சட்டைக்கு இடது கை மட்டும்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு சட்டையை ஒரே ஆள் தைப்பதெல்லாம் தெருமுனைத் தையற்கடையோடு சரி. எங்கள் கம்பெனியில் எட்டுப் பேர் கையில் ஏறி இறங்கினால்தான் துணி சட்டையாகும். ஒருத்தி பாக்கெட் வைப்பாள். ஒருத்தி பொத்தான் பட்டி, ஒருத்தி தோள், ஒருத்தி காலர். அடுத்து நான் இடது கை, எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் வலது கை. அதன்பின் மணிக்கட்டுப் பட்டிக்கு ஒருத்தி, அடி மடிப்புக்கும் பொத்தானுக்கும் ஒருத்தி. எங்களுக்கு மூன்றாவது லைன் என்று பெயர்.

எங்கள் சொந்தப் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தன. லைனில் அவரவர் தைக்கும் பாகம்தான் அவரவர் பெயர். "பாக்கெட்டு, இன்னைக்கு ஏன் லேட்டு?" "காலரக்காவுக்குத் தலைவலியாம்." "இடக்கை, உன் பண்டில் எங்க?" இப்படித்தான் பேச்சு. ஒரு நாள் மணிக்கட்டுப் பட்டி தைப்பவளின் கணவர் வாசலில் வந்து நின்று, மனைவியின் பெயரைச் சொல்லி, கூப்பிட முடியுமா என்று கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். ஆறு வருடமாக அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வலக்கைக்கும் எனக்கும் நடுவே ஒரு நூல் கத்தரி இருந்தது. இரண்டு மெஷினுக்கும் பொதுவாக ஒரு நாடாவில் கட்டி வைத்திருந்தோம். அவள் இழுத்து நூலை வெட்டிவிட்டு விடுவாள், நான் இழுப்பேன். பேசாமலே ஒருவர் கை எப்போது நீளும் என்று இன்னொருவருக்குத் தெரியும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரியெல்லாம் அழுவாள். பகலில் நான் மெஷின் மேலேயே தூங்கி விழுவேன். அந்த இரண்டு மாதமும் என் பண்டிலில், அதாவது எனக்கு வரும் துணிக்கட்டில், பாதியை எடுத்துத் தன் பண்டிலோடு சேர்த்து இடது கையும் தைத்தவள் வலக்கைதான். அவள் புருஷன் வீட்டை விட்டுப் போன மாதத்தில் அவள் யாரோடும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. லைன் மொத்தமும் அவள் வேகத்துக்கு இறங்கி ஓடியது. நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான பீஸ் ஏதாவது திரும்பி வந்தால், யார் செய்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். சூப்பர்வைசர் "யாரும்மா இது?" என்று கேட்டதும் எட்டுப் பேரும் எழுந்து நிற்போம். அவ்வளவுதான். அவர் எட்டு முகத்தையும் பார்ப்பார், பல்லைக் கடிப்பார், போய்விடுவார். அப்புறம் யார் கை சும்மா இருக்கிறதோ அவள் அந்தத் தையலைப் பிரிப்பாள். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. சேர்ந்த முதல் மாதத்தில் முப்பது சட்டைக்கு வேறு நிற நூலில் கை வைத்துவிட்டேன். வேலை போனது என்று நடுங்கிக்கொண்டு நான் எழுவதற்குள் ஏழு ஸ்டூல்கள் நகர்ந்த சத்தம் கேட்டது. அன்று மதியம் எல்லோரும் உட்கார்ந்து பிரித்தார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். இந்த லைனுக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. உயிரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட லைனை விட்டுப் போக எனக்கு ஆசை வந்தது. அதற்குக் காரணம் ஒன்பது வயதான என் மகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டிருந்தது எங்கள் கம்பெனிச் சட்டை. அதுவும் எங்கள் லைன் தைத்த வெள்ளைக் கட்டம். அவருடைய இடது கை என் மூக்குக்கு நேராக இருந்தது. தையலைப் பார்த்தேன், என்னுடையதுதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மகளின் காதில் சொல்லிவிட்டேன்.

"இது நீ தச்ச சட்டையாம்மா?" என்று அவள் பஸ்ஸுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"மெல்ல பேசு. இந்தக் கை மட்டும்."

"அந்தக் கை?"

"அது அத்தை தச்சது. உனக்குத் தெரியுமே, வலக்கை அத்தை."

"காலரு?"

"அது பெரியம்மா."

அவள் அந்த மனிதரை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். "அப்ப நீ தச்ச சட்டை எதும்மா?"

அந்த மனிதர் கையை மெல்ல இறக்கிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். கேள்வி இறங்கவில்லை. வீடு வரை கூடவே வந்தது. பதினோரு வருடம், ஒரு நாளைக்கு இருநூறு கை. ஒரு சட்டையைக் காட்டி இது என்னுடையது என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதுவரை அது ஒரு குறையாகவே தெரியாதது, அன்றிலிருந்து செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல்லாக உறுத்தியது.

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. சாம்பிள் ரூமுக்கு ஒரு ஆள் வேண்டும். புதிய மாதிரிச் சட்டை எது வந்தாலும் முதலில் சாம்பிள் ரூமில் ஒரே ஆள் முழுதாக வெட்டித் தைப்பார். அதைப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற லைன்கள் ஆயிரக்கணக்கில் தைக்கும். விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை பரீட்சைக்கு வரலாம் என்று சூப்பர்வைசர் வாசித்தார்.

"நமக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார் காலரக்கா. லைனில் மூத்தவர். பழமொழி இல்லாமல் வாயைத் திறக்கமாட்டார். "கூடி வாழ்ந்தா கோடி நன்மை. தனியா போனவ துணியத் தின்னுட்டுத்தான் இருக்கணும்."

இந்த இரண்டாவது பழமொழி அவரே செய்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை ஒருவரும் பார்க்காத நேரத்தில் போய்ப் பெயர் கொடுத்தேன். குமாஸ்தா பெயர் கேட்டதும், "இட..." என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு சொந்தப் பெயரைச் சொன்னேன். அது யாரோ ஒருத்தியின் பெயராகக் கேட்டது.

வலக்கையிடம் சொல்லவில்லை. தோற்றுப்போனால் வெட்கம், ஜெயித்துவிட்டால் துரோகம். எப்படிப் பார்த்தாலும் வாயைத் திறக்க முடியாத விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்தும் மறைத்தேன். வீட்டுக்கார அம்மாவின் பழைய மெஷினை இரவல் கேட்டு, கிழிந்த படுக்கை விரிப்பில் காலர் தைத்துப் பார்த்தேன். அது முறுக்கிக்கொண்டு நின்றது. லைனில் உட்கார்ந்து கொண்டு காலரக்காவின் விரல்களையும் பாக்கெட்டின் விரல்களையும் திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.

"என்னடி, காலரக்கா கையில படம் எதுவும் ஓடுதா?" என்றாள் வலக்கை, கத்தரியை இழுத்தபடி.

"சும்மாதான்."

அந்த நாடாவுக்குக் குறுக்கே நான் சொன்ன முதல் பொய் அது.

சனிக்கிழமை லைன்களுக்கு அரை நாள். எல்லோரும் போன பிறகு சாம்பிள் ரூமுக்குப் போனேன். மாஸ்டர் ஒல்லியான மனிதர். நெற்றியில் ஏற்றிய கண்ணாடியை மேசை மேசையாகத் தேடிக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதில் ஒரு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று நம்பினேன். எங்கள் லைனில் மிஞ்சிய நீலக் கோடு போட்ட துணி, அட்டையில் வெட்டிய அளவுகள், மூன்று மணி நேரம் கொடுத்தார்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. முன்பக்கம் பின்பக்கத்தோடு சேர்ந்தது. தோள் வந்தது. காலர் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்தது. ஒரு சட்டை என் கண்முன்னே உடம்பு எடுத்தது. இடையில் யாரும் அதை வாங்கிக்கொண்டு போகவில்லை. கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்ததும் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். என் மகள் பிறந்த அன்று அவளை முதல்முறை தூக்கியபோதும் இப்படித்தான் ஏந்தினேன்.

மாஸ்டர் அதை எடுத்து அளவுப் பொம்மைக்கு மாட்டினார். இடது கை பாந்தமாக இறங்கியது. வலது கை முதுகுப் பக்கம் திருகிக்கொண்டு போனது. மணிக்கட்டுத் திறப்பு பின்னால் வரவேண்டியது, முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மாஸ்டர் பொம்மையை ஒரு சுற்று சுற்றி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்று வந்தார்.

"இத்தன வருஷத்துல ரெண்டு இடது கை உள்ள ஆள நான் பாத்ததில்லம்மா" என்றார்.

கை அட்டையை ஒருமுறை வைத்து வெட்டிவிட்டு, திருப்பிப் போட்டு இன்னொருமுறை வெட்ட வேண்டும். நான் திருப்பிப் போடவே இல்லை. லைனில் வெட்டிய துணிதான் வரும், எனக்கு இடது பண்டில் மட்டும் வரும். தைக்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பதினோரு வருடம் இடது கை தைத்த கை, எது கிடைத்தாலும் அதை இடது கையாகத்தான் தைத்தது.

மாஸ்டர் நல்ல மனிதர். "தையல் சுத்தமா இருக்கு. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவ வாங்க. காலரயும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். சட்டையைக் கழிவுக் கூடையில் போட்டார். கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை. வினை அங்கேதான் விளைந்தது.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் அந்தக் கூடையைக் கிளறியிருக்கிறார். நீலக் கோட்டுத் துணியைப் பார்த்ததும் மூன்றாவது லைன் சரக்கு என்று முடிவு செய்துவிட்டார். சட்டையை ஹேங்கரில் மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யாரும்மா இது? ரெண்டும் இடது கை! யாருக்குத் தச்சீங்க இத?"

ஸ்டூல்கள் நகர்ந்தன. பாக்கெட் எழுந்தாள், காலரக்கா எழுந்தார், ஒவ்வொருத்தியாக எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். எட்டுப் பேரும் நின்றோம். வழக்கம்போல அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் தப்புக்கு நெற்றியில் விலாசம் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் நேராக வலக்கையிடம் போனார்.

"வலது கை வைக்கிறது நீங்கதானே? பதினஞ்சு வருஷ சர்வீஸு. எது வலது எது இடதுன்னு நான் கத்துத் தரணுமா?"

வலக்கை அந்தச் சட்டையைப் பார்த்தாள். தையலின் முனையை நான் எப்போதும் இரண்டு தரம் அடித்துத்தான் நிறுத்துவேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நின்றாள். அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். அவள் வாங்கிக்கொண்டே நின்றாள். லைனின் வழக்கம் அது. அவள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

"நான் தச்சது சார்" என்றேன். "சாம்பிள் ரூம் பரீட்சைக்குத் தச்சேன். முழுச் சட்டையும் நான்தான். நான் மட்டும்தான்."

உண்மையைச் சொல்லவேண்டும். சொன்ன குரலில் பாதிதான் வெட்கம். மீதிப் பாதி பெருமை. அந்தப் பெருமையை அவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

ஒருத்தி உட்கார்ந்தாள். இன்னொருத்தி உட்கார்ந்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொருவராக, கடைசியில் வலக்கையும் உட்கார்ந்தாள். மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பதினோரு வருடத்தில் அந்த லைனில் நான் தனியாக நின்றது அன்றுதான். சூப்பர்வைசர் சட்டையை என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வலக்கை புதிதாக ஒரு கத்தரி வாங்கி வந்திருந்தாள். நாடாவில் கட்டிய பழைய கத்தரி என் பக்கமே கிடந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். மதியச் சாப்பாட்டில் எனக்கு இடம் விட்டார்கள், பேச்சுதான் விடவில்லை. வீட்டில் என் கணவர் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். வலது கை அவரைப் பின்னால் இழுத்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரியே கூடத்தில் நடந்து காட்டினார். "முழுசா அம்மா தச்சது!" என்று மகள் குதித்தாள். நானும் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

நான்காம் நாள் பொறுக்க முடியாமல் மாடிப்படியில் வலக்கையை மறித்தேன்.

"நான் போறேன்னு கோவமா?"

"போனா போ. உன்ன யாரு கட்டி வச்சா?"

"பின்ன? சொல்லலன்னா?"

"அதுவும் இல்ல." கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "உன் குழந்த அழுதுட்டு இருந்தப்ப ரெண்டு மாசம் உன் வேலைய நான் பாத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரல. எதிர்ல உக்காந்து பாத்துப் பாத்தே இடது கை எனக்கு வந்திருந்துச்சு. நீ பதினோரு வருஷம் எனக்கு எதிர்லயே உக்காந்திருக்க. நான் என்ன தைக்கிறேன்னு ஒரு நாளாச்சும் பாத்தியாடி?"

நினைத்துப் பார்த்தேன்; நாடாவும் கத்தரியும்தான் நினைவுக்கு வந்தன.

"வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்வாங்க" என்றாள். "உனக்கு வலது கையே தெரியல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்திருப்பேன். நாங்கள் எல்லோரும் ஒன்று, ஒரே உடம்பு என்று நினைத்துக்கொண்டே இருந்ததில், எதிரே ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அவளுக்கும் கழுத்து வலித்திருக்கும். அவளுக்கும் ஒரு முழுச் சட்டைக்கு ஆசை இருந்ததா என்று நான் கேட்டதே இல்லை.

"காட்டு" என்றேன். "இப்பவாச்சும் பாக்கிறேன்."

அவள் இறங்கிப் போய்விட்டாள். மணி அடித்து நான் லைனுக்கு வந்தபோது என் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அங்க போய் உக்காரு" என்று தன் மெஷினைக் காட்டினாள். "துணியோட முதுகுப் பக்கத்த முதல்ல தேடு. கண்ணால இல்ல, கட்டை விரலால."

அன்று மதியம் நான் வைத்த வலது கைகளில் பன்னிரண்டு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் வந்தார், "யாரும்மா?" என்றார். நான் பயந்துகொண்டே எழுந்தேன். எனக்கு முன்பே எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் பல்லைக் கடித்தார், போய்விட்டார். அந்தப் பன்னிரண்டையும் நான் பிரிக்க ஆரம்பித்தபோது காலரக்கா ஆறை எடுத்துக்கொண்டார்.

"போறவ போகட்டும்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா கோணக் காலரோட போய் நின்னா மூணாவது லைனுக்குல்ல அசிங்கம். நாளைக்கு என் பக்கம் வா."

மூன்று வாரமும் நான் ஸ்டூல் ஸ்டூலாக மாறி உட்கார்ந்தேன். காலரக்கா காலர் முனையைத் திருப்பும்போது மூச்சை அடக்கிக்கொள்வார் என்று அப்போதுதான் தெரிந்தது. பாக்கெட் தைப்பவளுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல், அவள் பாக்கெட்டைத் தடவித்தான் நேர்பார்க்கிறாள். மணிக்கட்டுப் பட்டி தைப்பவள் பாட்டு முனகிக்கொண்டே தைப்பாள், பாட்டு நின்றால் தையல் கோணும். அவளுடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் கணவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அன்றைக்கு அவர் சாவியை மறந்து வெளியே நின்றவராம். சாயங்காலம் வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாராம். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறிவிட்டது.

இரண்டாம் பரீட்சையில் கை அட்டையைத் திருப்பிப் போட்டேன். மாஸ்டர் பொம்மையை ஒரே சுற்றுதான் சுற்றினார்.

லைனில் கடைசி நாளன்று வலக்கை அந்தப் புதுக் கத்தரியை என் பையில் போட்டாள். "சண்ட போட்டப்ப வாங்கினது. நல்லாவே வெட்டுது. எடுத்துட்டுப் போ."

"உனக்கு?"

"நாடாவுல ஒண்ணு இருக்கே. வர்றவளுக்கும் எனக்கும் அது போதும்."

வர்றவள் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. போகிறவளுக்குப் பொறாமைப்பட உரிமை இல்லை என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

சாம்பிள் ரூமில் நான்கு மேசைகள், நான்கும் நான்கு சுவரைப் பார்த்தவை. அவரவர் சட்டைக்கு அவரவர் சீட்டு. சீட்டில் என் பெயரை எழுதும்போது முதல் சில நாட்கள் எழுத்து கோணியது. நான் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லக்கூடாது. வாரத்துக்கு நான்கு சட்டை, நான்கும் முழுச் சட்டை. மகளிடம் தினமும் விவரம் சொல்வேன், அவள் ஒரு நோட்டில் படம் வரைந்து வைப்பாள். ஆனால் கால் பழக்கம் போகவில்லை. முதல் வாரம் பக்கத்து மேசைக்காரரை மாஸ்டர் ஏதோ கேட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "தண்ணி குடிக்க" என்று சொல்லிவிட்டு, தாகமே இல்லாமல் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெண்களுக்கான சட்டை ஒன்று வந்தது. வெளிர்பச்சை, சின்னக் காலர். ரொம்பப் பிரியமாகத் தைத்தேன். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். சாம்பிள் மூன்றாவது லைனுக்குப் போனது. என் சட்டையைப் பார்த்து அவர்கள் தைக்கப் போகிறார்கள் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு என்னையும் மாஸ்டரையும் கீழே கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் கையில் என் சாம்பிள் இருந்தது. செக்கிங் மேசையில் வெளிர்பச்சைச் சட்டைகள் குவிந்திருந்தன.

"நாப்பது பீஸ்!" என்றார். "பொம்பளைங்க சட்டைக்குப் பொத்தான் துளை வலப்பக்கம் வரும். இதுல இடப்பக்கம் இருக்கு. ஆம்பளைங்க சட்டை மாதிரி. சாம்பிளே தப்பு. நாப்பதும் தப்பு. யார் தச்சது இந்த சாம்பிள?"

சீட்டில் என் பெயர் இருக்கிறது. அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியவேண்டும் என்று கேட்கிறார். பதினோரு வருடம் ஆண்கள் சட்டையிலேயே கிடந்த புத்தி. இரண்டு இடது கை வைத்தவள் இப்போது இதையும் செய்துவிட்டாள். சாம்பிள் ரூம் இனி கிடையாது. என் இடத்தில்தான் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, லைனும் கிடையாது. பக்கத்தில் மாஸ்டர் கூரையில் சுற்றும் ஃபேனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பிள் சீட்டில் பெண்கள் சட்டை என்று அவர் கையெழுத்துக்கு மேலேதான் எழுதியிருந்தது.

"நான்..." என்று வாயைத் திறந்தேன்.

ஸ்டூல்கள் நகர்ந்தன.

காலரக்கா எழுந்தார். பாக்கெட் எழுந்தாள். பாட்டு நின்று மணிக்கட்டுப் பட்டி எழுந்தாள். வலக்கை எழுந்தாள். அவளுக்கு எதிரே என் ஸ்டூலில் இருந்த புதுப்பெண் ஒன்றும் புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எதுக்குக்கா நிக்கிறோம்?"

"அப்புறம் சொல்றேன். நில்லு" என்றாள் வலக்கை.

அந்தப் பெண்ணும் எழுந்தாள். எட்டுப் பேர்.

சூப்பர்வைசர் சாம்பிளைத் தூக்கி ஆட்டினார். "என்ன இது? அவங்க உங்க லைனே இல்ல. இத நீங்களா தச்சீங்க?"

"தச்சது அவ சார்" என்றாள் வலக்கை. "தப்பு எங்களோடது."

"எப்படி உங்களோடது?"

காலரக்கா தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். நாங்கள் தினமும் காலையில் மாட்டும் நீல வேலைக்கோட்டுக்குப் பொத்தான் துளை வலப்பக்கம்தான் இருக்கிறது. "எட்டும் பொம்பளைங்க சார். நித்தம் போடுறோம், நித்தம் கழட்டுறோம். நாப்பது பீஸ் வரைக்கும் ஒருத்திக்கும் தோணல. அவளுக்கு மட்டும் எப்படித் தோணும்? பத்துப் பேர் சேர்ந்து தூக்கின பானைய ஒருத்தியா போட்டு உடைப்பா?"

இதுவும் அவரே செய்த பழமொழிதான். சூப்பர்வைசர் எட்டு முகத்தையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாஸ்டர் ஃபேனை விட்டுவிட்டு, கையெழுத்து என்னுடையதும்தான் என்று முணுமுணுத்தார். சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக என்றும் கேட்டதில்லை.

"சாயங்காலத்துக்குள்ள நாப்பதையும் பிரிச்சாகணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்று அழுதேன். வலக்கை ஒரு ஸ்டூலை இழுத்து, தனக்கும் புதுப்பெண்ணுக்கும் நடுவே போட்டாள். உட்கார்ந்தேன். அவள் ஐந்து சட்டையை எடுத்து என் மடியில் போட்டாள். பையிலிருந்த என் கத்தரியை எடுக்கப் போனேன். அதற்குள் நாடாவில் கட்டிய பழைய கத்தரியை என் பக்கம் தள்ளினாள்.

"சாம்பிள் ரூம் எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நிஜமாவே நல்லா இருக்கு. ஆனா அங்க யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

"எந்திரிக்காட்டி என்ன?" அவள் ஒரு பட்டியைக் கிழியாமல் லாவகமாகப் பிரித்தாள். "நல்லா தச்சா அங்க வை. தப்பு வந்தா இங்க எடுத்துட்டு வா."

புதுப்பெண் கத்தரிக்காகக் கையை நீட்டினாள். நான் நாடாவை அவள் பக்கம் விட்டேன். நாற்பது சட்டை, ஒன்பது பேர். சாயங்காலம் ஆவதற்கு முன்பே பிரித்து முடித்துவிட்டோம்.